செங்கல் குட்டைக்கு மீன் வந்த வழி

அந்த மீனை நான் முதலில் பார்த்தபோது அது பனிக்கட்டிக்குள் இருந்தது.

பிப்ரவரி மாதம். கோழிக் கொட்டகைக் கூரைக்கு நாணல் தேவைப்பட்டது. பழைய செங்கல் சூளைக்குப் பின்னால், மண் எடுத்து எடுத்தே உண்டான குட்டை ஒன்று இருக்கிறது. தண்ணீர் உறைந்ததும் அதன்மேல் நடந்துபோய் நாணல் வெட்டுவது எங்கள் ஊர் வழக்கம். கரையோரமாகக் கோடாலியைப் போட்டேன். ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. அதற்குள் என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு மீன் கிடந்தது. பழுப்பு நிறம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய்.

என் பெயர் ருமென்கா. தீஸா ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலுக்கு நான்தான் மதகுக் காவல். காலையும் மாலையும் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும், மேலிடம் சொன்னால் மதகைத் திறக்க வேண்டும், மூடச் சொன்னால் மூட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. தண்ணீரில் என்ன மிதந்து வந்தாலும் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டேன். அப்படிப்பட்டவள் இதை மட்டும் விடுவேனா? பாளத்தை ஒரு வாளியில் போட்டு மதகு வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். செத்த மீன்தானே, உருகியதும் என்ன சாதி என்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காபியைக் குடித்து முடிப்பதற்குள் வாளியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். பனி பாதிக்கு மேல் கரைந்திருந்தது. மீன் வாலை ஒருமுறை அடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. செவுள் மட்டும் மெல்ல மெல்லத் திறந்து மூடியது.

அந்த நேரத்துக்குத்தான் பாலிந்த் வந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்த் தூண்டில்காரர் சங்கத் தலைவர். தினமும் பத்து மணிக்கு என் காபியைக் குடிக்கவும் என்னோடு சண்டை போடவும் வருவார். கோபம் முற்றினால் ஹங்கேரிய மொழிக்குத் தாவுவார். எனக்கும் அது புரியும் என்பதை மறந்துவிடுவார்.

“என்ன கருமம் இது?” என்று வாளிக்குள் குனிந்தார்.

“செங்கல் குட்டையில பனிக்குள்ள இருந்துச்சு. உருகினதும் எந்திரிச்சிருச்சு.”

“எந்திரிக்க இது என்ன செத்துப் பொழச்ச லாசருவா? நல்லாப் பாத்தியா?”

“என் கண்ணு முன்னாடிதாண்ணே வால அடிச்சுது.”

அவர் மண்டியிட்டு உட்கார்ந்து விரலால் தண்ணீரைக் கலக்கினார். மீன் அசையவில்லை. விரல் வாய்க்குப் பக்கத்தில் போனதும் லபக்கென்று கவ்வியது. பாலிந்த் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

“அறுபது வருசமா இங்க மீன் புடிக்கிறேன். இது நம்ம மீனே இல்ல.”

“அப்ப யாரோடது?”

“உங்க ஆபீசோடது! மதகத் தொறந்து தொறந்து கண்ட ஊர்த் தண்ணியையும் உள்ள விடுறீங்கல்ல?”

“ஆமா, உங்க ஆளுங்க மட்டும் யோக்கியம். பக்கெட்டுல உசிரோட இரை கொண்டு வர்றாங்களே, மிச்சத்த எங்க கொட்டுறாங்களாம்?”

“குட்டையில யாரு தூண்டில் போடப் போறா? அங்க நாய்மீனத் தவிர என்ன இருக்கு?”

செங்கல் குட்டைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் உயரமான கரை. ஆறு எங்கேயோ இருக்கிறது. ஓடையும் கிடையாது. அப்படியானால் இந்த மீன் எந்த வழியாக வந்தது? அன்று முழுக்க இதுவே என் மண்டையைக் குடைந்தது.

பாலிந்தின் தூண்டில் உரிமச் சீட்டின் பின்பக்கத்தில் நோவி ஸாத் நகரத்து மீன் ஆய்வு நிலையத்தின் தொலைபேசி எண் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதற்கு யாரும் பேசியதில்லை. நான் பேசினேன். இஸிடோரா என்ற பெண் எடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“முதுகுல துடுப்பு எத்தனை? ஒண்ணா, ரெண்டா?”

வாளியில் பார்த்தேன். “ரெண்டு.”

“நாளைக்கே வர்றேன். அதைக் கொல்லாதீங்க, முக்கியமா வேற தண்ணியில விட்டுராதீங்க.”

மறுநாள் முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மீனைப் பார்த்ததுமே தலையை ஆட்டினாள். கிழக்குக் கோடியில், சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே ஓடுகிற அமூர் ஆற்று மீனாம். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ தொட்டியில் வளர்க்க எடுத்து வந்தார்களாம். தொட்டியிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து ஆற்றுக்கு, அங்கிருந்து அடுத்த நாட்டுக்கு. பெயர் அமூர் தூங்கி.

“தூங்குமூஞ்சின்னு சொல்லு,” என்றார் பாலிந்த்.

“தூங்குற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பக்கத்துல எது வந்தாலும் முழுங்கிரும். முட்டை, குஞ்சு, தவளைக்குட்டி எல்லாத்தையும். பனி உறைஞ்சாலும் சாகாது, நீங்களே பாத்துட்டீங்க.”

சுவரில் சங்கத்தின் காலண்டர் தொங்கியது. ‘நம் ஆற்றின் செல்வங்கள்’ என்று தலைப்பு, கீழே ஐந்து மீன் படங்கள். இஸிடோரா காபியோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

“இது சீனா. இது அமெரிக்கா. இந்த பாபுஷ்கா கெண்டை கிழக்கேருந்து வந்தது. பைக் மீனும் கெளுத்தியும்தான் இந்த ஊர்க்காரங்க.”

“பாபுஷ்காவுமா? வெள்ளிக்கிழமை தவறாம அதத்தானம்மா வறுக்கிறோம்!” பாலிந்துக்கு உண்மையிலேயே அடிபட்ட மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காலண்டரை அச்சடித்ததே அவர்தான்.

“அந்தக் குட்டையில வேற என்ன மீன் இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் பெருசா இல்ல,” என்றார் பாலிந்த். “ நாய்மீன் மட்டும். எதுக்கும் ஆகாது. கருப்பா கட்டைவிரல் தண்டிக்கு இருக்கும். நாய் நடக்குற மாதிரி துடுப்ப மாத்தி மாத்திப் போட்டு நீந்தும்.”

இஸிடோரா கோப்பையைக் கீழே வைத்தாள். “இருக்கா? இப்பவும்?”

“போன வருசம்கூடப் பாத்தேன். ஏன்?”

இந்த நாட்டிலேயே அந்த மீன் ஐந்தாறு இடங்களில்தான் மிச்சமிருக்கிறது என்றாள் அவள். சதுப்பையெல்லாம் வடித்து வயலாக்கிவிட்டோம், அதோடு அதுவும் போயிற்று. எங்கள் குட்டையில் இருப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. சூளைக்காரர்கள் மண் தோண்டும் முன்பே அங்கே ஈரநிலம் இருந்திருக்க வேண்டும், அதில் பிழைத்தது அப்படியே தங்கிவிட்டது என்பது அவளுடைய ஊகம்.

“இந்தத் தூங்கி போன இடத்துல நாய்மீன் நாலு வருசம் தாக்குப் பிடிச்சா அதிகம்,” என்றாள். “எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாகணும். வாய்க்கால் முழுக்கக் கூண்டு போட்டுப் பாக்கணும். எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் வர முடியும்.”

“எங்களுக்கு வேற என்ன வேல?” என்றேன். பாலிந்த் என்னை முறைத்தார், ஆனால் மறுக்கவில்லை.

மார்ச்சில் பனி விட்டதும் கிளம்பினோம். இஸிடோரா கொடுத்த பன்னிரண்டு கம்பிக் கூண்டுகளைப் பாலிந்தின் பழைய ஸஸ்தாவா காரின் பின்னால் திணித்தோம். வாய்க்காலில் ஆற்றுமுனை தொடங்கிக் கடைசிப் பாலம்வரை ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் ஒரு கூண்டு. சாயங்காலம் போடுவது, காலையில் எடுப்பது. என் மதகு வரைபடத்தில் பென்சிலால் எண்ணிக்கையை எழுதிக்கொண்டே வந்தேன்.

பாலிந்த் தன் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார். “ஆத்துலேருந்துதான் வந்திருக்கும். வடக்கேருந்து தண்ணியோட வந்து உன் மதகுல நொழஞ்சிருக்கு. பாத்துக்கோ.”

ஆற்றுமுனையில் ஒன்றுமில்லை. மறுபடி போட்டோம். அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது பாலங்களிலும் இல்லை. நாலாவதில் மூன்று. ஐந்தாவது பாலத்தில் கூண்டைத் தூக்கவே கை கடுத்தது, முப்பத்தெட்டு தூங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதற்கு அப்புறம் பதினொன்று, நாலு, ஒன்று எனக் குறைந்துகொண்டே போயின.

காரின் முகப்பில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். ஐந்தாவது பாலம்தான் நடுப்புள்ளி. அங்கிருந்து இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. ஐந்தாவது பாலத்தின் கீழே மரப்படித்துறை ஒன்று உண்டு. ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் தூண்டில்காரர் சங்கம் அங்கேதான் கெண்டைக் குஞ்சு விடும். பாதிரியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பார், மீன்சூப் கொதிக்கும், அக்கார்டியன் வாசிப்பார்கள். பைகளை அவிழ்த்துத் தண்ணீரில் கவிழ்ப்பது தலைவர்.

நான் வரைபடத்தை மடித்தேன். பாலிந்த் வண்டியைக் கிளப்பினார். என் வீட்டு வாசலில் நிறுத்தியதும் சொன்னார்.

“இந்த வருசக் குஞ்சு வியாழக்கிழம வருது.”

வியாழக்கிழமை லாரி வந்தபோது படித்துறையில் ஐம்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பாலிந்த் படியில் ஒரு வெள்ளைக் குளியல் தொட்டியை வைத்திருந்தார். அவர் வீட்டுக் குளியலறையிலிருந்து கழற்றி வந்தது. முதல் பையை வாய்க்காலில் கவிழ்க்காமல் தொட்டிக்குள் கவிழ்த்ததும் கூட்டத்தில் சலசலப்பு.

“என்ன பாலிந்த், குளிப்பாட்டித்தான் அனுப்புவியா?” என்று கத்தினான் ரொட்டிக்கடை பாந்தா.

“பாஸ்போர்ட்டக் காட்டச் சொல்லுய்யா!” என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பாலிந்த் நிமிரவில்லை. வடிகரண்டியால் குஞ்சுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் பார்த்து மற்றொரு வாளிக்கு மாற்றினார். முதல் பையில் கெண்டை மட்டும். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது பையில் அவர் கை நின்றது. வெள்ளிக் குஞ்சுகளுக்கு நடுவே தொட்டியின் அடியில் பழுப்பாக இரண்டு ஒட்டிக் கிடந்தன. எனக்குக் காட்டினார். நான் குனிந்து எண்ணினேன். முதுகில் இரண்டு துடுப்பு, இரண்டுக்குமே.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கார்டியன்காரன் என்ன ஆயிற்று என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தான்.

“பதினாலு வருசம் ருமென்கா,” என்றார் என்னிடம் மட்டும் கேட்கும்படி. “பதினாலு வருசமா என் கையால கவுத்திருக்கேன்.”

அன்று லாரியைத் திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. சங்கத்துக்காரர்கள் முணுமுணுத்தபடி மீன்சூப்பைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

வாய்க்காலுக்கு வந்த வழி தெரிந்துவிட்டது. குட்டைக்கு? வாத்துக் காலில் முட்டை ஒட்டிப் போயிருக்கலாம் என்று நான் நினைத்தேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் அது வாத்தின் வேலையாக இருக்காது என்று இஸிடோரா போனில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் நான் என் நீர்மட்டக் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கிப் படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன். ஆற்றில் வெள்ளம், வாய்க்கால் விளிம்புவரை நிறைந்து கீழத் தெருவுக்குள் இறங்கப் பார்த்தது. செங்கல் சூளைக் கரையில் ஒரு பழைய பக்கமதகு உண்டு, யாரும் தொடாதது. அதைத் திறந்து இரண்டு நாள் தண்ணீரைக் குட்டைக்குள் விட்டிருக்கிறேன். கீழே என் கையெழுத்து.

அந்த இரண்டு நாளும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கீழத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. தண்ணீரோடு வேறு என்ன போனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். நாலாம் நாள் பாலிந்த் காபிக்கு வந்தபோது குறிப்பேட்டைத் திறந்து அவர் முன்னால் தள்ளினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நான் கூட்டிட்டு வந்தேன், நீ வீடு பாத்துக் குடி வச்சிருக்க!”

“சிரிக்காதீங்கண்ணே.”

“பின்ன அழவா? ரெண்டு மாசமா ஒருத்தர ஒருத்தர் திருடன்னு சொல்லிட்டிருந்தோம். ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லிருக்கோம்.”

இனி என்ன செய்வது? குட்டையிலிருந்து தூங்கியை ஒழிக்க முடியாது என்று இஸிடோரா தெளிவாகச் சொல்லிவிட்டாள். நாய்மீனை வெளியே எடுப்பது ஒன்றுதான் வழி. மேட்டுவயலுக்குப் பின்னால், எந்த வாய்க்காலோடும் சேராத ஒரு சதுப்புப் பள்ளம் இருந்தது. அங்கே மூன்று முறை கூண்டு போட்டுப் பார்த்தோம், நீர்ப்பல்லியும் வண்டும்தான் கிடைத்தன. அமைச்சகத்திடமிருந்து முத்திரை போட்ட அனுமதி வாங்கி வந்தாள் இஸிடோரா.

“ஒண்ணு மட்டும் சொல்றேன்,” என்றாள். “மீன எடுத்து வேற தண்ணியில விடுறதாலதான் இந்த வம்பே வந்துச்சு. நாமளும் இப்ப அதத்தான் செய்யப் போறோம். ஒரே ஒரு தூங்கி தப்பிப் போனாலும் அந்தப் பள்ளமும் முடிஞ்சுது. சின்னதா இருக்கறப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், நாய்மீனுக்கு முதுகுத் துடுப்பு ஒண்ணுதான். ஒவ்வொரு மீனையும் ரெண்டு பேரும் பாக்கணும். ரெண்டு பேரும் ‘ஒண்ணு’ன்னு சொன்னாத்தான் வாளிக்குப் போகணும். சந்தேகம்னா வேண்டாம்.”

ஏப்ரல் பின்பாதியில் ஒன்பது நாள். குட்டைக் கரையில் என் சமையல் மேஜையைப் போட்டு அதன்மேல் இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள். கூண்டில் வந்ததில் பத்துக்கு ஒன்பது தூங்கி. நாய்மீன் வரும்போது இருவருமே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். கருப்பு உடம்பில் பக்கவாட்டில் செம்பு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. கிண்ணத்தில் விட்டதும் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். ஒருமுறை ஒன்று அசையாமல் நின்று, இடது துடுப்பை முன்னே வைத்து, பிறகு வலது துடுப்பை வைத்து, கிண்ணத்தைச் சுற்றி நிதானமாக நடந்தது. இத்தனை வருஷம் அந்தக் கரையில் நாணல் வெட்டியிருக்கிறேன், ஒருநாளும் குனிந்து இதைப் பார்த்ததில்லை.

“ஒண்ணு,” என்பார் பாலிந்த்.

“ஒண்ணு,” என்பேன்.

எட்டாம் நாள் ஒரு பெரிய நாய்மீன் வந்தது. பெரிய நாய்மீன் என்றுதான் பாலிந்த் சொன்னார். வயிறு உப்பி முட்டை நிறைந்திருந்தது. ஆனால் முதுகை ஏதோ கடித்துக் குதறியிருந்தது. துடுப்பு இருந்த இடத்தில் கிழிசல்தான். ஒன்றாக இருந்ததா இரண்டாக இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. உடம்பில் சேறு அப்பியிருந்தது. கோடும் சரியாகத் தெரியவில்லை.

“ஒண்ணு,” என்றார்.

நான் சொல்லவில்லை.

“ருமென்கா, வயித்தப் பாரு. ஆயிரம் முட்டை இருக்கும். மொத்தம் இருபத்தாறுதான் புடிச்சிருக்கோம். இது ஒண்ணு பத்துக்குச் சமம்.”

“தூங்கியா இருந்தா? அந்த ஆயிரமும் தூங்கிதானே?”

“வாயப் பாரு, சின்ன வாய்.”

“எனக்குத் தெரியலண்ணே. தெரியாம ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன்.”

அவர் ஹங்கேரிய மொழிக்குத் தாவித் திட்டினார். எனக்கும் எங்கள் வீட்டு ஆண்களுக்கும் சேர்த்துச் சொன்னார். நான் மீனைத் தனியாக ஒரு ஜாடியில் விட்டேன். மறுநாள் இஸிடோரா வந்து பார்க்கட்டும் என்று மதகு வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தேன்.

காலையில் அது மிதந்தது. இஸிடோரா பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“நாய்மீன்தான்,” என்றாள். “காயம் ஆழமா இருக்கு. பள்ளத்துல விட்டிருந்தாலும் அநேகமா செத்திருக்கும்.”

அந்த ‘அநேகமா’ என்ற சொல்லை இன்றுவரை என்னால் கடக்க முடியவில்லை. பாலிந்த் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. வாயைத் திறந்தாலே வம்பிழுக்கிற மனிதர், அன்று ஜாடியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூண்டு எடுக்கப் போகலாம் வா என்றார். அன்றைக்கு இன்னும் மூன்று கிடைத்தன. மொத்தம் இருபத்தொன்பது. அன்று சாயங்காலமே மூன்று பேரும் வாளிகளைச் சுமந்து மேட்டுவயலுக்கு நடந்தோம். பள்ளத்துத் தண்ணீரில் வாளியைச் சாய்த்ததும் அவை போன இடம் தெரியவில்லை.

மே மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பாலிந்த் எழுந்து வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, நடுப்புள்ளியைக் காட்டி, “இது என் கை,” என்றார். எதையும் மறைக்கவில்லை. இனி எங்கிருந்து குஞ்சு வந்தாலும் ஒவ்வொரு பையையும் தொட்டியில் கொட்டிப் பார்த்த பிறகே விட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

“அப்ப நாங்க பதினாலு வருசமா வெசத்துக்கா கை தட்டினோம்?” என்று எகிறினான் பாந்தா. “ஊரு சிரிக்குது. தலைவர மாத்தணும்!”

இரண்டுக்கும் வாக்கெடுத்தார்கள். தீர்மானம் நான்கு வாக்கு வித்தியாசத்தில் பிழைத்தது. பாலிந்த் பதினோரு வாக்கில் தோற்றார். புதுத் தலைவர் பாந்தா. அவன் செய்த முதல் வேலை, குஞ்சுப் பைகளைச் சோதிக்கிற பொறுப்பைப் பாலிந்திடம் கொடுத்தது. தண்டனையாக நினைத்துத்தான் கொடுத்தான். பாலிந்துக்கோ தலைவர் பதவியில் கிடைக்காத மகிழ்ச்சி அதில் இருந்தது. இலையுதிர்காலத்தில் வேறொரு பண்ணையிலிருந்து வந்த நாற்பது பைகளை இரண்டு நாள் உட்கார்ந்து அலசினார். ஏழாவது பையில் ஒரு நண்டைக் கண்டுபிடித்துவிட்டு, இஸிடோராவுக்குப் போன் போட்டு, அது எந்த நாட்டு நண்டு என்று ஒரு மணி நேரம் பேசினார்.

செங்கல் குட்டையில் இப்போது தூங்கிகள் மட்டும்தான். நாய்மீனுக்காக அந்தக் கோடை முழுக்கக் கூண்டு போட்டுப் பார்த்தோம், ஒன்றுகூட வரவில்லை. பாலிந்த் ஒரு வாளித் தூங்கியை எடுத்துப்போய் மிளகாய்த்தூள் தடவி வறுத்துப் பார்த்தார். மோசமில்லை என்றார், ஆனால் மறுபடி வறுக்கவில்லை. ஜூனில் மீண்டும் வெள்ளம் வந்தால் நான் பக்கமதகைத் திறப்பேனா என்று பாந்தா கேட்டான். திறப்பேன், கீழத் தெருவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். இந்தமுறை திறக்கும்போது என்ன செய்கிறோம் என்று தெரிந்தே திறப்பேன்.

மேட்டுவயல் பள்ளத்தில் முதல் வருஷம் கூண்டுக்கு எதுவும் சிக்கவில்லை. இஸிடோரா பொறுமையாக இருக்கச் சொன்னாள். போன வாரம், அதாவது இரண்டாம் வருஷ மே மாதம், நானும் பாலிந்தும் பள்ளத்தின் ஓரத்தில் பலகை போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் சரியாக உள்ளே இறங்கிய நேரம், வேர்களுக்கு நடுவே அரிசி நீளத்துக்குச் சில கருப்புக் கோடுகள் அசைந்தன.

“ஏழு,” என்றார் பாலிந்த்.

“எட்டு. அந்த வேருக்கு அடியில ஒண்ணு.”

“அது வண்டுப் புழு.”

“கண்ணு தெரியாத மனுசன வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண. மேல வந்து காத்துக் குடிக்குது பாருங்க.”

“எங்க?” என்று அவர் இன்னும் முன்னால் நகர்ந்தார். பலகை வழுக்கி அவர் கை முழங்கைவரை சேற்றுக்குள் போயிற்று. தண்ணீர் கலங்கிவிட்டது. திட்டிக்கொண்டே மறுபடி படுத்தார். கலங்கல் அடங்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.